நாங்கள் கார் வாங்கிய கதை



“தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல் பார்க்காமல் யாரும் வாங்கியதில்லை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனால் தெரியும். ஓர் ஆட்டை வாங்க வந்தவர் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். தூக்கி எடை பார்ப்பார். அதன் பிறகே விலை கேட்பார். ஓர் ஆட்டுக்கே இத்தனை சோதனை என்றால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தையும், இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டிய பணத்தையும் சேர்த்துப் போட்டு வாங்கும் காருக்கு எத்தனை சோதனை வேண்டும்!

எங்கள் வீட்டில் 2024-ஆம் ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினோம். ‘இதில் எழுத என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். கார் வாங்கப் போன இடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவை சில, வெட்கப்பட்டவை சில. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்காள் தங்கை இருவர். இருவரும் இப்பள்ளியின் மாணவியரே. அந்த ஆண்டு மூத்தவள் பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவு. இளையவள் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. அப்பா ஓர் உப்பளத்தில் கணக்கர். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பாவின் தாயாரான எங்கள் ஆச்சி எங்களுடன்தான் இருக்கிறார். ஆச்சிக்கு இருதய நோய். மாதம் இருமுறை திருநெல்வேலி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தூரம் பேருந்தில் நின்றுகொண்டு போக அவரால் முடியாது.

எங்களிடம் முன்பே ஒரு சிறிய கார் இருந்தது. பன்னிரண்டு வயதுக் கார். அதை ‘கிழவன்’ என்றுதான் அழைப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவாயிற்று. எங்கள் தெருவில் தண்ணீர் இறங்கப் பல நாட்கள் ஆயின. நாங்கள் மாடி வீட்டாரிடம் அடைக்கலம் புகுந்திருந்தோம். கிழவன் மட்டும் வாசலில் சீட்டு நனையும் மட்டத்திற்குத் தண்ணீருக்குள் நின்றான்.

தண்ணீர் வடிந்ததும் அப்பா சாவியைக் கையில் எடுத்தார். அடுத்த தெரு மெக்கானிக் மாமா ஓடி வந்து தடுத்தார். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் புகுந்த நீர் பிஸ்டனை ஒடித்துவிடுமாம். வெள்ளத்தால் கெடும் இன்ஜின்களைவிட, வெள்ளத்திற்குப் பிறகு சாவி போட்டதால் கெடும் இன்ஜின்களையே தாம் அதிகம் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். கயிறு கட்டி இழுத்துச் சென்று, எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றி, வயர்களில் பாதியைப் புதிதாகப் போட்டுக் கிழவனைப் பிழைக்க வைத்தார். 38,000 ரூபாய் செலவாயிற்று. பழைய கார்தானே என்று அப்பா மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே எடுத்திருந்தார். அது நம் காரால் பிறருக்கு நேரும் சேதத்திற்கு உரியது. நம் காருக்கு வரும் நட்டத்திற்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. இது எங்களுக்கு முதல் பாடம்.

கிழவன் பிழைத்தானே தவிர, தேறவில்லை. வயர்களுக்குள் ஏறிய ஈரம் உள்ளுக்குள்ளேயே இருந்து அரித்தது. 2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு, திருநெல்வேலியிலிருந்து ஆச்சியுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். வல்லநாட்டுக்கு அருகே முதலில் முன்விளக்குகள் அணைந்தன. அடுத்த நிமிடம் இன்ஜினும் நின்றது. நான்கு வழிச் சாலை, இருட்டு, பின்னால் லாரிகள் அலறிக்கொண்டு வந்தன. அப்பா கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டியபடி காருக்குப் பின்னால் நின்றார். அம்மா ஆச்சியை இறக்கி ஓரமாக உட்கார வைத்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த செபங்களை எல்லாம் சொன்னோம். மீன் ஏற்றிவந்த ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு நிறுத்தி, எங்களை வீடு சேர்த்தார். அன்றிரவே அப்பா சொல்லிவிட்டார்: “இனி இந்த வண்டியில் அம்மாவை ஏற்ற மாட்டேன்.”

புதிய கார் வாங்க எங்களால் ஆகாது. எனவே பழைய காரே வாங்குவது என்று முடிவாயிற்று. இதைக் கேட்ட ஆச்சி சிரித்தார். தாத்தா காலத்தில் ரோட்டில் பெரும்பாலும் அம்பாசடரும் பியட்டும்தானாம். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியதாம். “அப்போ வண்டி கிடைச்சாப் போதும், பேரம் பேச யாருக்கு வாய் இருந்திச்சு? இப்போ ஆயிரம் வண்டி இருக்கு. எது நல்லதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஆயிரம் கண்ணு வேணும்” என்றார்.

முதலில் பணத்துக்கு வழி பார்த்தோம். காருக்கும், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், சில்லறைப் பழுது ஆகியவற்றுக்கும் சேர்த்து நாலே முக்கால் லட்சம், மிஞ்சினால் 10,000 கூடுதலாக என்று அப்பா வரம்பு போட்டார். அம்மாவின் சீட்டுப் பணம் 75,000. மூன்று லட்சம் கடன் வாங்க வேண்டும். மீதியைக் கிழவனை விற்றுத் தேற்ற வேண்டும்.

கடனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்து ‘9 விழுக்காடு வட்டி’ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். அம்மாவின் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்திலோ 12 விழுக்காடு. ‘9-தானே குறைவு?’ என்று நாங்கள் துள்ளினோம். அப்பா எங்களிடமே தாளையும் பென்சிலையும் கொடுத்து, “கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார்.

நிதி நிறுவனத்தின் 9 விழுக்காடு என்பது ஐந்து ஆண்டுகளுக்கும் முழு மூன்று லட்சத்தின்மேல் போடும் நேர் வட்டி. ஆண்டுக்கு 27,000, ஐந்து ஆண்டுக்கு 1,35,000. மாதத் தவணை 7,250. சங்கத்தின் 12 விழுக்காடு என்பது அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் போடும் வட்டி. அதற்கு மாதத் தவணை 6,673 தான். ஐந்து ஆண்டில் மொத்த வட்டி ஏறத்தாழ 1,00,400. அதாவது 12 விழுக்காட்டுக் கடன், 9 விழுக்காட்டுக் கடனைவிடச் சுமார் 34,600 ரூபாய் மலிவு! நான்கு ஆண்டு கழிந்து, கடனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும், முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பேதைமை! ‘வட்டி எத்தனை?’ என்று மட்டும் கேட்காதீர்கள், தோழியரே, ‘எதன்மேல் வட்டி?’ என்றும் கேளுங்கள்.

அடுத்து, கார் தேடும் படலம். மெக்கானிக் மாமா எங்களுக்குக் குருவானார். காரைப் பகலில்தான் பார்க்க வேண்டும் என்றார். மாலை மங்கலில் பெயின்ட் வேறுபாடு தெரியாது. நாம் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும் வண்டியா என்று சந்தேகப்பட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். எங்கள் ஊர் உப்புக் காற்று ஊர் ஆதலால், காருக்கு அடியில் படுத்துப் பார்த்துத் துருவைக் கவனிக்க வேண்டும். இவற்றை எல்லாம் இளையவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் கார் ஒரு தரகரின் கொட்டகையில் இருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. மற்ற இடங்களில் நாலரை லட்சம் சொல்லும் கார், அங்கே மூன்று லட்சத்துத் தொண்ணூறு. உள்ளே உட்கார்ந்ததும் மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. “அப்பா, இதுதான்!” என்று நாங்கள் கூவினோம். மெக்கானிக் மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஓட்டுநர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார், கடைசிவரை இழுத்தார். தினமும் வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியிலோ காபிக் கறைபோல ஒரு கோடு. பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அடியில் விரலைவிட்டு எடுத்தார். விரல் நுனியில் மெல்லிய வண்டல் மண்! சீட்டுகளை நகர்த்தும் இரும்புத் தண்டவாளமும் துருப்பிடித்திருந்தது. “அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள கிடந்த வண்டி” என்றார் மாமா.

தரகர் முகம் மாறவே இல்லை. “வண்டி ஓடுதா இல்லையா, அதைப் பாருங்க” என்றார். ஓடியது, உண்மைதான். எங்கள் கிழவனும் வல்லநாடு வரை ஓடத்தானே செய்தான்?

வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் கொதித்தோம். ‘இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? ஒரு குடும்பம் ஏறும் வண்டி என்ற எண்ணம் வேண்டாமா?’ என்று பொரிந்து தள்ளினோம்.

இரண்டாவது காரின் கதை சுருக்கமானது. கிலோமீட்டர் மீட்டர் 38,000 காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. கையுறைப் பெட்டியில் மறந்து கிடந்த இரண்டாண்டுக்கு முந்தைய சர்வீஸ் பில்லில் 71,000 என்றிருந்தது! போதாக்குறைக்கு ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. கடன் தீர்ந்ததென்று நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றும், படிவம் 35-உம் இல்லாமல் அந்தப் பெயர் நீங்காது. கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் வணிகவியல் வகுப்பில் மூத்தவள் இந்தக் கதைகளைச் சொன்னாள். எங்கள் ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் புன்னகையுடன் ஒரு செய்தி சொன்னார்கள். அமெரிக்கப் பேச்சு வழக்கில் மறைவான பழுதுள்ள காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயராம். ஜார்ஜ் அக்கர்லாப் என்ற பொருளியல் அறிஞர் 1970-ஆம் ஆண்டு, பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமின்றி விலகிவிடுவார். சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். ஒளிப்பவர் ஒருவரால் ஒளிக்காதவருக்கும் நட்டம் என்பதே அதன் சாரம். அவருக்கு 2001-இல், வேறு இரு அறிஞர்களுடன் சேர்த்துப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாங்கள் இதை வீட்டில் பெருமையாகச் சொன்னோம். நாங்கள்தாம் வஞ்சிக்கப்பட இருந்தவர்கள் அல்லவா? அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

மூன்றாவது கார் பாளையங்கோட்டையில் கிடைத்தது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. நாங்கள் போனதும் அவர் காப்பி கொடுத்தார். பிறகு ஒரு கோப்பைக் கொடுத்தார். வாங்கிய நாள் முதல் செய்த சர்வீஸ் பில்கள் அத்தனையும் தேதி வாரியாக இருந்தன. நாங்கள் கேட்பதற்கு முன்பே, “இடது பின்கதவு 2021-இல் கேட்டில் இடித்துப் பெயின்ட் அடித்தது. ஏ.சி. கம்பிரசர் போன வருடம் மாற்றியது. முன் டயர்கள் இரண்டும் மாற்ற வேண்டியவை” என்றார். மெக்கானிக் மாமா பெல்ட்டை இழுத்தார்; வண்டலைத் தேடினார்; கீழே படுத்தும் பார்த்தார். அவர் சொன்னவற்றுக்கு மேல் ஒரு குறையும் அகப்படவில்லை.

அவர் கேட்ட விலை 4,80,000. அப்பா சட்டென்று ஒரு தொகையைச் சொல்லி இழுபறி செய்யவில்லை. ஒரு தாளை எடுத்து, அதே ஆண்டு, அதே வகைக் கார்களுக்கு மற்ற இடங்களில் சொன்ன விலைகளை எழுதினார். புதிய காரின் விலையையும் எழுதினார். அடியில், டயர், கிளட்ச் என்று ஆகப்போகும் செலவுகளை எழுதினார். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். “டயருக்குக் கழித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் இன்னும் நன்றாக ஓடும்; அதற்குக் கழிக்க மாட்டேன்” என்றார். மெக்கானிக் மாமாவும், “ஆமா அண்ணாச்சி, ஐயா சொல்றதுதான் சரி” என்று ஒப்புக்கொண்டார்! எங்கள் ஆள் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதைக் கண்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். 4,60,000-க்கு முடிந்தது. 10,000 முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினோம். மீதியைக் கட்ட மூன்று வாரத் தவணை.

பேரம் என்றால் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தோம். அன்று இருவருமே மலர்ந்த முகத்துடன் எழுந்தார்கள்.

காரின் விலையுடன், டயர் முதலிய செலவுகளுக்கு 25,000 சேர்த்தால் 4,85,000. கையில் 3,75,000. ஆக, கிழவன் 1,10,000-க்கு விலைபோக வேண்டும். அவனைப் பார்க்க வேறொரு தரகர் வந்தார். சுற்றிப் பார்த்தார், விஷயத்தைக் கண்டுகொண்டார். “அண்ணாச்சி, வெள்ளத்தப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க. சீட்டு உறையை மாத்தி, பாலிஷ் போட்டு, ஒரு லட்சத்துப் பத்துக்கு நான் தள்ளிவிட்டுருதேன். தண்ணிக்குள்ள நின்னதைச் சொன்னீங்கன்னா அறுபதுக்குக்கூட ஆள் வராது” என்றார்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சிறிய தொகை அன்று. அப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாங்கள் சொன்னதை இங்கே எழுதக் கை கூசுகிறது. “அப்பா, கேட்டால் சொல்லுவோம்; கேட்கவில்லை என்றால் நாம் ஏன் சொல்ல வேண்டும்? இப்போது ஓடத்தானே செய்கிறது!” என்றோம். ‘வண்டி ஓடுதா இல்லையா’ என்று கேட்ட முதல் தரகரைத் திட்டித் தீர்த்த அதே வாய்கள்தாம் இதைச் சொன்னவை. சொன்ன எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஆச்சி தூங்கிவிட்டார் என்றே நினைத்திருந்தோம். அங்கிருந்து மெல்லக் குரல் வந்தது: “எய்யா, நாளைக்கு அந்த வண்டியில ஏறப்போறதும் யாரோ ஒரு வீட்டு ஆச்சிதானே?”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வல்லநாட்டு இருட்டும், லாரிகளின் அலறலும், எங்கள் கைகளுக்குள் நடுங்கிய அந்தச் சுருங்கிய கையும் எங்கள் கண்முன் வந்தன. நாங்கள் தலை குனிந்தோம். அப்பா எழுந்து போய், ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினார்: ‘2023 டிசம்பர் வெள்ளத்தில் சீட்டு மட்டம்வரை தண்ணீரில் நின்ற கார். மாற்றிய பொருள்கள் இவை. மாற்றாத வயர்கள் இவை. 2024 ஜூலையில் வழியில் நின்றது.’

அந்தத் தாளைப் படித்துவிட்டு, வந்தவர்களில் முதலாமவர் திரும்பிப் போனார். இரண்டாமவர் 40,000-க்குக் கேட்டார். பெரியவர் தந்த தவணையில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். மூன்றாவதாக ஏரலிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கார்களுக்கு வயரிங் வேலை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். தாளை இரண்டுமுறை வாசித்தார். “அண்ணாச்சி, எங்க பட்டறையே அந்த வெள்ளத்துல மூழ்கிச்சு. தண்ணிக்குள்ள கிடந்த வண்டின்னா எங்கே கை வைக்கணும்னு எனக்குத் தெரியும். எது மாத்தலைன்னு நீங்களே எழுதிட்டீங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்றார். 65,000-க்கு எடுத்துக்கொண்டார்.

அப்பொழுது ஓர் உண்மை எங்களுக்கு விளங்கியது. மறைத்த குறைக்கு விலை போட முடியாது. அது எந்த இரவில், எந்தச் சாலையில், யாரிடம் எவ்வளவு பிடுங்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்ட குறைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரும் எங்கோ இருப்பார். ஆனால் சொன்னால்தானே அவர் நம்மைத் தேடி வர முடியும்?

மீதி 45,000-க்கு அம்மாவின் சங்கிலி வங்கியில் அடகுக்குப் போயிற்று. அப்பா மாலை நேரங்களில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதி, ஒன்பது மாதத்தில் அதை மீட்டார். அந்த ஒன்பது மாதமும் அம்மா மஞ்சள் கயிற்றுடன் பள்ளிக்குப் போனார். உண்மை பேசுவது இலவசம் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் அதன் விலை 45,000 ரூபாயும் வட்டியும்.

கார் வாங்கும் வீட்டாருக்காக இன்னும் சில குறிப்புகள். விற்றதும் வாங்கியதும் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, அதே மாநிலத்திற்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் அதே 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். ‘விற்றாயிற்று, இனி நமக்கென்ன?’ என்று விற்றவரும் இருந்துவிடக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீடு கோராமல் ஓட்டியதற்கான இன்சூரன்ஸ் சலுகை காருக்கு உரியது அன்று, உரிமையாளருக்கு உரியது. விற்றவர் அதைத் தம் அடுத்த காருக்குக் கொண்டு போகலாம். பழைய காருக்கு விலை பேசுமுன் புதிய காரின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய புதுவிலையைச் சொல்லிப் பழைய காரை விற்க முயல்பவர்களிடம் எச்சரிக்கை!

‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிச் சொல்வதை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். பிறர் பொருளையும் தம் பொருள்போல எண்ணிச் செய்வதே வாணிகம் என்ற அந்தக் கருத்தை, பள்ளிக்கே போகாத எங்கள் ஆச்சி படுக்கையில் இருந்தபடி ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

புதிய வரவு வீட்டுக்கு வந்த பிறகு, முதல் பயணமாக ஆச்சியைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. வல்லநாடு நெருங்கியதும் நாங்கள் இருவரும் எங்களை அறியாமல் ஆச்சியின் கைகளைப் பிடித்துக்கொண்டோம். முன்விளக்குகள் சாலையை வெள்ளையாகக் காட்டின. ஆச்சியோ எங்களுக்கு நடுவே சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று ஏரலிலிருந்து அப்பாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. “அண்ணாச்சி, வயரிங் எல்லாம் புதுசாப் போட்டுட்டேன். வண்டி நல்லா ஓடுது. அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு இப்பதான் வந்தேன்” என்றார் அந்த இளைஞர். அப்பா அதை எங்களிடம் சொன்னபோது ஆச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார். “பார்த்தியா, அங்கேயும் ஒரு ஆச்சி இருக்கா!” என்றார்.

— சகோதரியர் இருவர்,
பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு.